டம்மி டக் செய்துகொள்ளலாமா? நான் முடிவெடுத்த விதம்

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எடை இறங்கியது, வயிறு இறங்கவில்லை. சொல்லப்போனால், எடை குறையக் குறையத் தொப்புளுக்குக் கீழிருந்த தோல் இன்னும் தளர்ந்து தொங்கியது. மடிப்புக்குள் வியர்த்துப் புண்ணாகும். பஸ்ஸில் யாராவது கர்ப்பிணி என்று நினைத்து எழுந்து இடம் கொடுத்தால் மறுப்பதில்லை. நன்றி சொல்லி உட்கார்ந்துவிடுவேன்.

முதலில் போனது பிசியோதெரபிஸ்டிடம். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, தலையை மட்டும் லேசாகத் தூக்கச் சொன்னார். தொப்புளுக்கு மேலே நடுவயிற்றில் அவர் விரல்களை வைத்து அழுத்தியபோது மூன்று விரல்கள் பள்ளத்தில் இறங்குவதைப்போல இறங்கின. கர்ப்ப காலத்தில் வயிற்றின் நேர்த்தசைகள் இரண்டும் விலகி, இடையிலுள்ள இணைப்புத் திசு அகன்று மெலிந்துவிடுகிறது. பலருக்குப் பிரசவத்துக்குப் பின் அந்த இடைவெளி தானாகவே ஓரளவு குறைந்துவிடும். எனக்குக் குறையவில்லை. அவர் கற்றுக்கொடுத்த பயிற்சிகளால் முதுகுவலி நன்றாகவே குறைந்தது. அதற்காகவே அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் தோலுக்கு என்ன பயிற்சி இருக்கிறது?

தளர்ந்த தோலை வெட்டியெடுத்து, விலகிய தசையை இழுத்துத் தைக்கும் அறுவைதான் டம்மி டக். அதைப் பற்றி வீட்டில் பேச்செடுத்தேன். "பிள்ளை பெற்ற வயிறு அப்படித்தான் இருக்கும். நல்ல உடம்பை யாராவது கத்தியில் கொடுப்பார்களா?" என்றார் அம்மா. கணவரோ, "நீ இப்படியே நன்றாகத்தான் இருக்கிறாய்" என்றார். அன்பான பதில்தான், ஆனால் முடிவெடுக்க உதவாத பதில்.

பிளாஸ்டிக் சர்ஜன் அழகைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை. தாய்ப்பாலை நிறுத்தி எவ்வளவு காலம் ஆகிறது, எடை சில மாதங்களாக ஒரே நிலையில் இருக்கிறதா, குடும்பத்தில் யாருக்காவது காலில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போனார். புகைப்பவர்கள் அறுவைக்கு முன்னும் பின்னும் சில வாரங்களாவது கட்டாயம் நிறுத்த வேண்டுமாம். நிக்கோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் இழுத்துத் தைத்த தோல் உயிரற்றுப்போகக்கூடும். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

"இன்னொரு குழந்தை வேண்டுமா?" என்ற கேள்விதான் என்னை நிறுத்தியது. அறுவைக்குப் பிறகும் கருத்தரிக்கலாம். ஆனால் இழுத்துத் தைத்த தசையும் தோலும் மறுபடி விரிந்து, பட்ட பாடெல்லாம் வீணாகலாம் என்றார். நானும் கணவரும் பேசாமலே தள்ளிக்கொண்டு வந்த விஷயம் அது. அன்றிரவு பேசினோம். சுலபமான பேச்சாக இருக்கவில்லை. "போதும்" என்று நான்தான் முதலில் சொன்னேன். சொன்ன பிறகு கொஞ்சம் அழுதேன்.

அடுத்த சந்திப்பில் அவர் பேனாவால் என் வயிற்றிலேயே கோடு போட்டுக் காட்டினார். ஓர் இடுப்பெலும்பில் தொடங்கிப் பழைய சிசேரியன் தழும்பின் வழியாக மறு இடுப்பெலும்பு வரை. கண்ணாடியில் பார்த்தபோது பகீரென்றது. தழும்பு மங்க ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும், முழுவதும் மறையாது. தொப்புளைச் சுற்றியும் தையல் வரும். அடிவயிறு பல மாதங்களுக்கு மரத்துக் கிடக்கலாம். சிலருக்கு உணர்ச்சி முழுமையாகத் திரும்புவதில்லை. நீர் கோத்துக்கொள்ளாமல் இருக்கச் சில நாட்கள் குழாய் வைக்கக்கூடும். ஆரம்ப நாட்களில் கூன் போட்டபடிதான் நடக்க வேண்டும். லைபோசக்ஷன் மட்டும் போதாதா என்று கேட்டுப் பார்த்தேன். அது கொழுப்பை எடுக்கும், தொங்கும் தோலை எடுக்காது என்று முடித்துவிட்டார்.

இத்தனைக்கும் நான் தயார். ஆனால் சுமார் ஆறு வாரங்களுக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது என்றார். என் சின்னவன் அப்போது இடுப்பை விட்டு இறங்காத வயதில் இருந்தான். இரவில் அழுதால் நான்தான் தூக்க வேண்டும், வேறு யார் கையும் ஆகாது. தையல் போட்ட வயிற்றோடு அந்த அழுகையைப் படுத்தபடி கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது. "வயிறு எங்கும் ஓடிவிடாது, காத்திருங்கள்" என்றார் சர்ஜன். இந்தப் பேச்சுக்குப் பிறகுதான் அவரிடமே செய்துகொள்வது என்று தீர்மானித்தேன்.

காத்திருந்தேன். இப்போது அவன் தானாகவே கட்டிலில் ஏறுகிறான், படி இறங்குகிறான், தூக்க வந்தால் உதறிவிட்டு ஓடுகிறான். பள்ளி விடுமுறையை ஒட்டித் தேதி வாங்கியிருக்கிறேன். அம்மா வந்து தங்குகிறார், "எனக்கு இதில் சம்மதமே இல்லை" என்று தெளிவாகச் சொல்லிவிட்டு.