மடியும் பெட்டியின் நான்கு சுவர்கள்

காய்கறிக் கடைகளுக்கான மடக்கு பிளாஸ்டிக் பெட்டி (கிரேட்) ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருக்கிறேன். அடித்தளத்தையும் நான்கு சுவர்களையும் தனித்தனியாகப் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் வார்த்துக் கீல்களால் இணைப்பதென முடிவு செய்தேன். ஆழமில்லாத அச்சுகளே போதும் என்பதுடன், ஒரு சுவர் உடைந்தால் அதை மட்டும் மாற்றிவிடலாம் என்பதும் அதற்குக் காரணம்.

என்னை மிகவும் அலைக்கழித்தது மடியும் வரிசைதான். 600 × 400 மி.மீ. அடித்தளத்தில் 280 மி.மீ. உயரச் சுவர்களை வைத்தால், குறுகிய பக்கச் சுவர்கள் இரண்டும் சேர்ந்து 560 மி.மீ. மட்டுமே எடுத்துக்கொண்டு அருகருகே படுத்துவிடுகின்றன; நீளச் சுவர்களுக்கோ 400 மி.மீ. அகலமே கிடைப்பதால், ஒன்றின்மேல் ஒன்று ஏறியாக வேண்டும். ஆகவே கீல்களை மூன்று வெவ்வேறு உயரங்களில் அமைக்க நேர்ந்தது. (முதல் அட்டை மாதிரியில் இதைக் கவனிக்காமல், மடங்க மறுத்த பெட்டியுடன் அரைநாள் விழித்துக்கொண்டிருந்தேன்.)

பெட்டிகளை அடுக்கும்போது சுமை கீல் ஊசிகளில் இறங்காமல், சுவரின் கீழ்விளிம்பு வழியாக நேரே அடித்தளத்துக்குச் செல்லும்படி ஊசித் துளைகளைச் சற்றே நீளவாக்கில் விட்டிருக்கிறேன். இனி மிஞ்சியிருப்பது பிளாஸ்டிக் சுருங்கும் சிக்கல்: பாலிப்ரொப்பிலீன் குளிரும்போது 1 முதல் 2.5 சதவீதம் வரை சுருங்கும் என்பதால், சுவரின் தடிமன் ஓரிடத்தில் மிகுந்து ஓரிடத்தில் குறைந்தால் அது வளைந்து, சுவர்களை மூலையில் ஒன்றோடொன்று பூட்டும் கொக்கிகள் பொருந்தாமல் போய்விடும்.