விபிஸ்கிரிப்ட் போகும் முன் ஆக்சஸ் கோப்புகளைச் சோதித்த அனுபவம்

விண்டோஸிலிருந்து விபிஸ்கிரிப்டை (மைக்ரோசாஃப்டின் பழைய ஸ்கிரிப்ட் மொழி) நீக்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டது. 2027 வாக்கில் அது தானாக இயங்காது. அதன்பின் முழுதாகவே போய்விடும். மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான ஆக்சஸில் ரெக்எக்ஸ்ப் (எழுத்து வடிவங்களைத் தேடிச் சரிபார்க்கும் வசதி) பயன்படுத்துபவர்களுக்கு இது நேரடி அடி. அந்த வசதி இருப்பது விபிஸ்கிரிப்டின் டிஎல்எல் கோப்புக்குள்தான்.

விண்டோஸ் 11, 24எச்2 உள்ள ஒரு கணினியில் செட்டிங்ஸ், சிஸ்டம், ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் வழியாக விபிஸ்கிரிப்டை நீக்கிச் சோதித்தோம். நீக்குவது சுலபம். பிழைச்செய்திதான் அலைக்கழித்தது. ரெஃபரன்ஸ் (கோடு நம்பியிருக்கும் வெளி லைப்ரரிக்கான இணைப்பு) ஒன்று காணாமல் போனால், சிக்கலுக்குச் சம்பந்தமே இல்லாத லெஃப்ட், டேட் போன்ற ஃபங்ஷன் உள்ள வரியில் போய் ஆக்சஸ் நிற்கும். அந்த வரியை நோண்டாதீர்கள். விபிஏ (ஆஃபீஸுக்குள் இருக்கும் புரோகிராம் மொழி) எடிட்டரில் டூல்ஸ், ரெஃபரன்சஸ் திறந்து, 'மிஸ்ஸிங்' என்று எது இருக்கிறது எனப் பாருங்கள். கிரியேட்ஆப்ஜெக்ட் மூலம் ரெக்எக்ஸ்பை அழைத்திருந்தால் 429 பிழை வரும்.

ஆஃபீஸ் 2508 பதிப்பு முதல் ரெக்எக்ஸ்ப் விபிஏவுக்குள்ளேயே வந்துவிட்டது. பழைய ரெஃபரன்ஸை எடுத்துவிட்டு, கிரியேட்ஆப்ஜெக்ட் வரிகளை 'நியூ ரெக்எக்ஸ்ப்' என்று மாற்றினால் போதும். மாறிகளை அறிவிக்கும் டிம் வரிகளில் லைப்ரரி பெயரை முன்னொட்டாக எழுதியிருந்தால் அதையும் நீக்க வேண்டும்.

சிக்கல் எங்கே என்றால், ஒரே கோப்பைப் பழைய ஆக்சஸ் 2016 உள்ள கணினியிலும் திறக்கும் அலுவலகங்களில். அங்கே ரெஃபரன்ஸ் இல்லாமல் கம்பைல் ஆகாது. விபிஸ்கிரிப்ட் இல்லாத புதிய கணினியில் ரெஃபரன்ஸ் இருந்தால் உடையும். எளிய சோதனைகளுக்கு ரெக்எக்ஸ்பையே விட்டுவிடுவது நல்லது. பின்கோடு சரிபார்க்க லைக் "[1-9]#####" போதும், எந்தப் பதிப்பிலும் ஓடும்.

ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்ட், டிக்ஷனரி இரண்டையும் அவசரப்பட்டு மாற்றாதீர்கள். அவை வேறு டிஎல்எல்லில் இருப்பவை, பாதிப்பில்லை.

எரிச்சல் தீராதது ஏசிசிடிஇ (கோடு பூட்டப்பட்ட ஆக்சஸ் கோப்பு) விஷயத்தில். மென்பொருள் செய்து கொடுத்தவர் மூலக் கோப்பைத் தரவே இல்லை. ஏசிசிடிஇயில் புரோகிராம் கோடும் தெரியாது, ரெஃபரன்ஸையும் மாற்ற முடியாது. உங்களிடம் அப்படி இருந்தால், செய்தவர் தொடர்பில் இருக்கும்போதே ஏசிசிடிபி என்ற மூலக் கோப்பை எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். சர்வரிலிருந்து ஃபிரன்ட்-எண்டை (படிவங்களும் கோடும் உள்ள ஆக்சஸ் கோப்பு) நகலெடுத்துத் திறக்கும், விபிஸ்கிரிப்டில் எழுதிய விபிஎஸ் கோப்பு ஏதும் இருந்தால், அதையும் இப்போதே பேட்ச் ஃபைலாக மாற்றிவிடுங்கள்.