நடுவீட்டுக்கு ஓர் இடம்

"இது டெட் ஸ்பேஸ்" என்று சொல்லி, எங்கள் ஹாலின் நடுவே சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டார் டிசைனர். சிங்கப்பூரில் நாங்கள் வாங்கிய முதல் வீடு. அரசு வீட்டு வசதிக் கழகம் (வீவக) கட்டிய நாலறை வீடு, 90 சதுர மீட்டர் சொச்சம். அந்த வட்டத்துக்குள் நீள சோபா வைக்கலாம், சின்ன சமையல் மேடை ஒன்றும் போடலாம் என்றார். பிள்ளைகளுக்காக நான் காலியாக விடச் சொன்ன பத்துக்கு எட்டு அடி இடம் அது. நல்ல மனிதர்தான், அக்கறையோடுதான் சொன்னார். ஆனாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

ஊரில் இருக்கும் என் பாட்டிக்கு, எங்கள் வழக்கில் ஆயாவுக்கு, வீடியோவில் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்கள்.

"ஏத்தா, கதவத் தொறந்தா நேரா அடுப்படி தெரியுதே. வந்தவுக எங்கத்தா உக்காருவாக?"

எங்க வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். அடுத்த கேள்விக்கு இருவருமே சிரிக்கவில்லை.

"நடுவீட்டுக் கோலத்த எங்க போடுவ?"

விசேச நாளில் வீட்டுக்குள் நடுவே மாவால் இழுக்கும் கோலம் அது. எங்கள் செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்குப் புரியும். முகப்பைத் தாண்டினால் வளவு. மேலே வானம், சுற்றிலும் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் வரிசையாக உள்வீடுகள், கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், அதாவது புள்ளிக்கு, ஒன்று. உள்வீட்டில் பெட்டியும் சாமானும்தான் நிறைந்திருக்கும். மனுசர் புழங்குவதெல்லாம் வெளியே, அந்த வெறும் இடத்தில்தான். தாயம் ஆடுவோம், வற்றல் காயும்போது காக்காய் ஓட்டுவோம். மழை வந்தால் நாலு பக்கத் தாழ்வாரத்திலிருந்தும் தண்ணீர் கொட்டும், அண்டாவையும் குடத்தையும் இழுத்து வைப்போம். கல்யாணம் வந்தாலும் சாவு வந்தாலும் பாயை விரித்தால் போதும். அந்த இடம் காலியாக இருந்ததால்தான் அத்தனைக்கும் இடம் கொடுத்தது. அதைச் செத்த இடம் என்று எப்படிச் சொல்வது?

ஆயாவின் அப்பச்சி, அதாவது அப்பா, கொண்டுவிக்க (தொழில் செய்ய) வந்ததும் இதே சிங்கப்பூருக்குத்தான். மார்க்கெட் ஸ்திரீட்டில் பலர் சேர்ந்து தொழில் பார்த்துத் தங்கிய கிட்டங்கியில் அவருக்கு இருந்தது ஒரு பெட்டியும் ஒரு பாய் விரிக்கும் இடமும். பகலில் அங்கேயே கணக்கு, இரவில் அங்கேயே படுக்கை. அப்படிச் சேர்த்த காசில் பர்மா தேக்கும் இத்தாலிச் சலவைக்கல்லும் வாங்கி ஊரில் வீடு எழுப்பினார். இன்று அந்த வீடு பங்காளிகளுக்குள் பலபங்காகி, விசேசத்துக்கு மட்டும் திறக்கிறது. அவரை நினைத்தால், என் பத்துக்கு எட்டு பெரிய வசதிதான்.

மற்ற வேலைகளில் எனக்கும் டிசைனருக்கும் சண்டையே இல்லை. அலமாரிகள் முழுக்க மேட் வெள்ளை, மேசை முனைகள் வளைவு, எல்லாச் சன்னலுக்கும் கிரில். தரைக்கு வினைல் ஷீட். இரண்டு வயதுக்காரி விழுந்தாலும் மண்டை உடையாது. என்னைச் சந்தோசப்படுத்த நினைத்து, பழைய செட்டிநாட்டுக் கதவு ஒன்றைச் சுவரில் மாட்டலாம் என்று படம் காட்டினார். வேண்டாம் என்றேன். பிரித்து விற்ற யாரோ ஒரு புள்ளியின் உள்வீட்டுக் கதவு அது. அதை அழகுக்குப் பார்க்க எனக்கு மனசு வராது.

1990களின் கடைசியிலிருந்து கட்டிய வீவக வீடுகளில் பதுங்கு அறை ஒன்று உண்டு. தடித்த சுவர், இரும்புக் கதவு, ஆணி அடிக்கக்கூடாது. குண்டு விழுந்தால் ஒளிவதற்கு என்றேன் ஆயாவிடம். "பெட்டக அறைன்னு சொல்லு" என்றார்கள். என் ஆத்தா (அம்மா) கொடுத்தனுப்பிய மங்குச் சாமான் எல்லாம் இப்போது அதற்குள்தான் இருக்கிறது.

நான் விடாப்பிடியாக நின்றது, எங்கள் பக்கத்து ஆத்தங்குடியில் கையால் செய்யும் தரைக்கல்லுக்கு. வீடு முழுக்க முடியாது. கல்லும் அடியில் போடும் பூச்சும் சேர்ந்து 50 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது விதி, செலவும் தாங்காது. வாசலுக்கு உள்ளே மட்டும் ஒன்பது கல், மூன்றுக்கு மூன்று. லீவுக்கு ஊருக்குப் போனபோது பெரியவனை ஆத்தங்குடிக்குக் கூட்டிப் போனேன். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்துச் சிமிட்டிச் சாயத்தைக் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மணலும் சிமிட்டியும் போட்டு அழுத்துகிறார்கள். சூளை கிடையாது. தண்ணீரில் ஊறி, காய்ந்து, கல் தானாகக் கண்ணாடியை விட்டு வருகிறது. அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது. "ஆத்தா, கல்லு கண்ணாடி பாத்துக்கிச்சு" என்றான் என் மகன். ஒன்பது கல்லுக்கே பெட்டியில் பாதி எடை போய்விட்டது. பலகாரத்தை எல்லாம் ஆத்தாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இங்கே கல் பதிக்க வந்தவர் இடைவெளி விட்டுப் பதிக்கப் பார்த்தார். ஒட்டி ஒட்டிப் பதிக்கச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். முதலில் மங்கலாக இருந்தது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தும் பிள்ளைகள் ஓடியும் இப்போது நிறம் ஏறியிருக்கிறது. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கல்லில் ஒரு நொடி நிற்கிறார்கள். ஆயா கேட்ட முகப்பு எனக்குக் கிடைத்துவிட்டது.

நடுவில் சோபா வரவில்லை. மார்கழியில் பிள்ளையார் நோன்பு வந்தது. திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் கழிந்து, 21 நூலிழைத் திரியை இழைமா என்னும் இனிப்பு மாவு உருண்டையில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்ளும் நாள். அரிசி மாவு அரைத்து, அந்தப் பத்துக்கு எட்டில் நடுவீட்டுக் கோலம் இழுத்தேன். வினைலில் மாவு வழுக்கியது, இழை கோணியது, ஆனாலும் போட்டு முடித்தேன். ஊரில் வீட்டுக்குப் பெரியவரான ஐயா கையால் இழை வாங்கியவள் நான். இங்கே வீட்டுக்குப் பெரியவர் என்று எங்க வீட்டுக்காரர்தான் கொடுத்தார், கை நடுங்கியது. பெரியவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வாங்கி விழுங்கினான். சின்னவள் கோலத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வீடு அமைந்துவிட்டது என்று நிம்மதியாக ஆயாவைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வெளக்க எந்தத் தெசை பாத்து வச்ச?" என்றார்கள்.

ஆயா வீட்டில் எந்தத் தூணில் வெயில் விழுகிறது என்று பார்த்தே மணி சொல்வோம். இங்கே கிழக்கு எது என்று பார்க்க, போனைக் காதில் வைத்தபடி நான் சன்னலுக்குப் போனேன்.