ஒரு வெல்டருக்கு மூன்று எண்கள்

என் கணினியில் ஒரு வெல்டருக்கு மூன்று எண்கள் உண்டு. கல்லூரியில் வெல்டிங் படிக்கிறபோது அவர் 0956.50. அதே படிப்பைப் பற்றி வாஷிங்டனுக்கு எழுதினால் 48.0508. படித்து முடித்து வேலையில் சேர்ந்துவிட்டால் 51-4121. முதலாவது டாப் கோட், கலிஃபோர்னியா சமுதாயக் கல்லூரிகள் தங்களுக்கென்றே வைத்துக்கொண்டது. இரண்டாவது சிப் கோட், நாடு முழுவதற்கும். மூன்றாவது எஸ்ஓசி, அது படிப்புக்கு இல்லை, வேலைக்கு. இந்த மூன்றையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போடுவதற்குத்தான் எனக்குப் பாதிச் சம்பளம். அந்த முடிச்சை வேறு யாரும் அவிழ்த்துவிடாமல் காவல் இருப்பதற்கு மீதிப் பாதி.

கலிஃபோர்னியாவில் 116 சமுதாயக் கல்லூரிகள், 73 மாவட்டங்கள். இங்கே மாவட்டம் என்றால் கலெக்டர் இருக்கும் மாவட்டம் இல்லை. தேர்தலில் ஜெயித்த ஒரு குழு நடத்தும் கல்லூரி மாவட்டம். அதில் ஒரே ஒரு கல்லூரியும் இருக்கலாம், லாஸ் ஏஞ்சலஸ் மாதிரி ஒன்பதும் இருக்கலாம். தொழிற்கல்வி விஷயத்தில் மட்டும் இவை எல்லாவற்றையும் பகுதி பகுதியாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு கூட்டமைப்பு வைத்திருக்கிறார்கள். அப்படி ஒன்றில் நான் ஒருங்கிணைப்பாளர். எந்தப் பகுதி என்று சொல்லப்போவதில்லை. எத்தனை கல்லூரி என்று சொன்னாலே தெரிந்துவிடும். அதோடு, எங்கள் டீன் ஒருவருக்கு கூகுள் மொழிபெயர்ப்பு நன்றாகவே பயன்படுத்தத் தெரியும்.

நான் தமிழ்நாட்டில் டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவள். தன்னாட்சி வாங்கிய சில பாலிடெக்னிக்குகளை விட்டுவிட்டால், தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் ஒரு பாடத்திட்டம் போட்டால் மாநிலம் முழுக்க அதுதான். இந்த வேலையில் சேர்ந்த முதல் மாதம் என் மேலாளரிடம் வெகுளியாகக் கேட்டேன்: "எல்லா கல்லூரிக்கும் ஒரே வெல்டிங் பாடத்திட்டத்தை அனுப்பிவிட்டால் என்ன?" அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, 1988-இல் வந்த ஏபி 1725 என்ற சட்டத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். பாடத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதில் ஆசிரியர்கள் பேரவையின் சொல்தான் முதலில். நானோ, என் கூட்டமைப்போ, அவ்வளவு ஏன், மாநிலத் தலைமை அலுவலகமோ கூட ஒரு கல்லூரியின் பாடத்தை எழுதிக் கையில் கொடுக்க முடியாது. கேட்கலாம், கெஞ்சலாம், காபி வாங்கிக் கொடுக்கலாம்.

அன்று எரிச்சலாக இருந்தது. இப்போது அந்தச் சட்டம் சரி என்றுதான் நினைக்கிறேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கல்லூரியும் பாதாம் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிற கல்லூரியும் ஒரே வெல்டரை உருவாக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலையைக் கட்டுவது பெரும்பாலும் மாணவன்.

அப்படி ஒரு பையனிடமிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ஒரு கல்லூரியில் வெல்டிங் முதல் பாடம் முடித்தவன், அம்மா வீடு மாறியதால் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கல்லூரியில் சேர்ந்தான். இரண்டும் எங்கள் கூட்டமைப்பில் இருப்பவை. பாடத்தின் அளவை யூனிட்டில் சொல்வார்கள். முதல் கல்லூரியில் அந்தப் பாடம் மூன்று யூனிட், இரண்டாவதில் நான்கு. இரண்டாவதில் ராடு வெல்டிங்கோடு கேஸ் கட்டிங்கும் சேர்த்து ஒரே பாடம். முதலாவதில் கேஸ் கட்டிங் தனி. அதனால் மறுபடி முதலிலிருந்து. யூனிட்டுக்கு 46 டாலர் என்ற கணக்கில் 184 டாலர். பணம்கூடப் பெரிதில்லை, அவன் கிடங்கில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே படிக்கிறவன், ஒரு செமஸ்டர் போய்விட்டது. மூன்றே வரி எழுதியிருந்தான். நடுவில் இருந்த வரி: "ஏற்கெனவே ஓட்டின வெல்டை நான் ஏன் மறுபடி ஓட்ட வேண்டும்?"

யாரும் தப்புச் செய்யவில்லை. அதுதான் இதில் கஷ்டமே. இரண்டு கல்லூரிகளும் தங்கள் பாடத்திட்டக் குழுவில் ஒழுங்காக ஓட்டுப் போட்டு வைத்திருக்கிற பாடம்.

இந்த இடத்தில் பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் இல்லாவிட்டால் எங்கள் கூட்டங்களுக்கு ஒருவரும் வரமாட்டார்கள். 2016-இல் மாநிலம் ஸ்ட்ராங் வொர்க்ஃபோர்ஸ் என்ற தொழிற்கல்வித் திட்டத்தை ஆண்டுக்கு 20 கோடி டாலரோடு தொடங்கியது. அதில் 60 சதவீதம் நேராகக் கல்லூரி மாவட்டங்களுக்கு. 40 சதவீதம் பகுதிக்கு, அதாவது எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்ய. காகிதத்தில் நல்ல யோசனை. நடப்பில், அந்த 40 சதவீதத்தைக் கோயில் பிரசாதம் மாதிரி எல்லார் கையிலும் ஒரே அளவு வைத்துவிட வேண்டும் என்றுதான் முதல் குரல் எழும். அப்படிப் பிரித்தால் சண்டை இல்லை. ஆளுக்கு இரண்டு புது இயந்திரம் வாங்கிக்கொண்டு போய்விடலாம். "பகுதித் திட்டம்" என்று மேலே தலைப்புப் போட்டுக்கொள்ளலாம். நான் இதைக் கூட்டத்தில் ஒரு முறை சொல்லி, அதற்கப்புறம் இரண்டு மாதம் என் மின்னஞ்சல்களுக்குப் பதில் வராமல் இருந்தது.

இதற்கு மேல், பெர்கின்ஸ் சட்டத்தின் கீழ் தொழிற்கல்விக்கு வரும் கூட்டாட்சி அரசின் பணம் வேறு. 1984-இல் வந்தது, 2018-இல் கடைசியாகப் புதுப்பித்தார்கள், ஐந்தாவது பெர்கின்ஸ் என்பார்கள். அதற்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை உள்ளூர்த் தேவை மதிப்பீடு எழுத வேண்டும். ஏறக்குறைய அதே கேள்விகள், வேறு படிவம். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது.

எண் சமாச்சாரத்துக்கு வருகிறேன். ஒரு கல்லூரி புதிதாக ஒரு தொழிற்படிப்பு தொடங்க வேண்டுமானால் வேலைச் சந்தை நிலவரத்தைக் காட்டி எங்கள் கூட்டமைப்பின் பரிந்துரையை வாங்க வேண்டும். பக்கத்துக் கல்லூரியில் ஏற்கெனவே இருக்கிற படிப்பையே தேவையில்லாமல் இன்னொன்று திறக்கிறார்களா என்பது அங்கே கட்டாயம் வரும் கேள்வி. அதைப் பார்க்க டாப் கோடைத்தான் தேடுவோம். எங்களிடம் பிஎல்சி, அதாவது தொழிற்சாலை இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி, சொல்லிக்கொடுத்து தொழிற்சாலை ஆட்டோமேஷனுக்கு ஆள் தயார் செய்கிற கல்லூரிகள் மூன்று. ஒன்று அதை 0934.00 எலக்ட்ரானிக்ஸில் வைத்திருக்கிறது. இன்னொன்று 0945.00, தொழிற்சாலைப் பராமரிப்பு. மூன்றாவது 0956.00, உற்பத்தி. அறிக்கையில் பார்த்தால் மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத படிப்புகள். நேரில் போனால் மூன்று ஆய்வகத்திலும் ஒரே கம்பெனியின் பயிற்சி மேசை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் கார் ஓட்ட வேண்டியிருந்தது, எந்த டேட்டாபேஸும் சொல்லவில்லை.

முதலாளிகள் பக்கம் இன்னும் மோசம். ஒவ்வொரு தொழிற்படிப்புக்கும் ஆலோசனைக் குழு வேண்டும், அதில் தொழில் நடத்துகிறவர்கள் இருக்க வேண்டும். எங்கள் பகுதியில் ஓர் இரும்புப் பட்டறையை நடத்துகிற அம்மாள் இருக்கிறார். அவருக்கு ஒரே வசந்த காலத்தில் ஐந்து கல்லூரிகளிலிருந்து ஐந்து அழைப்பு. ஒன்றுக்கும் போகவில்லை. ஐந்தையும் ஒன்றாக்கி, காலை ஏழு மணிக்கு அவருடைய பட்டறையிலேயே வைத்துக்கொள்கிறோம் என்றதும் சரி என்றார். நாங்கள் பதினெட்டு ஸ்லைடு தயார் செய்துகொண்டு போயிருந்தோம். அவர் மூன்றாவதிலேயே நிறுத்திவிட்டு, "உங்கள் பிள்ளைகளுக்கு டேப்பில் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு எங்கே இருக்கிறது என்று பார்க்கத் தெரியவில்லை. வரைபடம் படிக்கத் தெரியவில்லை. இந்த இரண்டும் தெரிந்தால் அனுப்புங்கள், வெல்டிங்கை நாங்கள் தேற்றிக்கொள்கிறோம்" என்றார். ஐந்து டீன்களும் குனிந்து எழுதிக்கொண்டார்கள். ஐந்து தனிக் கூட்டத்தில் இதை அவர் சொல்லியிருந்தால் ஐந்து விதமாக எழுதியிருப்பார்கள்.

அந்தப் பையனின் மின்னஞ்சலை நான் மறக்கவில்லை. வெல்டிங் ஆசிரியர்கள் ஆறு பேரை ஜூமில் கூட்டினேன். இரண்டு முறை. ஆறு கல்லூரியின் பாடங்களையும் ஒரு பெரிய எக்செல் தாளில் போட்டு, எது எதற்குச் சமம் என்று நிறம் அடித்து வைத்திருந்தேன். என் பார்வைக்கு அழகாக இருந்தது. அவர்கள் பார்வைக்கு, வெளியாள் ஒருத்தி தங்கள் வீட்டுச் சமையலறையில் டப்பாவை எல்லாம் திறந்து பார்க்கிற மாதிரி இருந்திருக்க வேண்டும். இவர்களில் பாதிப் பேர் பட்டறையிலிருந்து நேராக வந்தவர்கள். இங்கே வெல்டிங் ஆசிரியராக முதுகலை வேண்டாம், அசோசியேட் பட்டமும் ஆறு ஆண்டு அனுபவமும் போதும். வகுப்பில் வாங்குவதைவிடத் தளத்தில் அதிகம் சம்பாதிக்கக்கூடியவர்கள். அவர்களிடம் போய் "கற்றல் விளைவு 3-ஆ" என்று பேசினால் என்ன ஆகும்? கேமராவை அணைத்துவிடுவார்கள். அணைத்தார்கள்.

இரண்டாவது கூட்டத்தின் கடைசியில் ஒருவர் மட்டும் பேசினார். கப்பல் கட்டும் தளத்தில் நெடுநாள் இருந்தவர், ஓய்வுக்கு நெருங்கியவர். "இந்தத் தாளை எடுத்து வை. ஆளுக்கு ஒரு பிளேட் கொண்டு வரட்டும். ஆசிரியர் ஓட்டினது வேண்டாம், மாணவன் ஓட்டினது."

ஒரு சனிக்கிழமை காலை, அவர் கல்லூரிப் பட்டறையில் கூடினோம். ஆறு டெஸ்ட் பிளேட். 3/8 அங்குலத் தகடு, நம் ஊர்ப் பட்டறைக் கணக்கில் மூன்று நூல். பின்னால் பட்டை வைத்து, நிறுத்தி வைத்த நிலையில் கீழிருந்து மேலாக ஓட்டியது. எந்தத் தகட்டிலும் கல்லூரிப் பெயர் இல்லை, சோப்புக்கல்லால் எழுதிய ஒரு எண் மட்டும். ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு பட்டை வெட்டினார்கள். ஒன்றை வெல்டின் முகம் வெளியே தெரிய வளைக்க வேண்டும், இன்னொன்றை அடிப்பக்கம் வெளியே தெரிய. வெட்டிய பட்டையைக் கிரைண்டரில் தேய்க்கிறபோது கோடு நீளவாக்கில்தான் விழ வேண்டும். குறுக்கே விழுந்தால் வெல்டு நன்றாக இருந்தாலும் அந்தக் கீறலில் பிடித்து விரிசல் விட்டுவிடும். இதைச் சொல்லி ஒருவர் இன்னொருவர் கையிலிருந்து கிரைண்டரையே பிடுங்கிக்கொண்டார். ஜூமில் வாயே திறக்காதவர் அவர்.

ஹைட்ராலிக் ஜாக்கில் வைத்து அழுத்த, பட்டை மெதுவாக யு வடிவத்துக்கு வளையும். சத்தமே இருக்காது. வளைந்த மேட்டில் விரலை ஓட்டிப் பார்ப்பார்கள், அப்புறம் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் டி1.1 விதிப்படி ஒரு விரிசலோ ஓட்டையோ 1/8 அங்குலத்துக்கு மேல் இருக்கக்கூடாது. ஒரு நூல். பன்னிரண்டு பட்டையில் மூன்று போயிற்று, மூன்றும் அடிப்பக்கம் வளைத்தவை. பின்பட்டையோடு உலோகம் சரியாக ஒட்டவில்லை. எண்களைத் திருப்பிப் பார்த்தபோது அதில் ஒன்று பகுதிப் பணத்தில் புத்தம்புது இயந்திரம் வாங்கிய கல்லூரியுடையது. யாரும் கிண்டல் செய்யவில்லை. "உன் பையன் கரண்ட்டைக் குறைத்து வைத்திருக்கிறான்" என்று ஆரம்பித்து, முதல் பாஸை, அதாவது அடியில் ஓட்டும் முதல் வரிசையை, எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். நான் ஓரமாக நின்று, பேசுவதை எழுதிக்கொண்டேன். எக்செல் தாளைத் திறக்கவே இல்லை.

பகல் சாப்பாட்டுக்கு முன்னால் வழி தானாக வந்தது. பாடங்களை ஒன்றாக்க வேண்டாம், யூனிட்டை யாரும் தொட வேண்டாம். ஒரு கல்லூரியில் இந்த பிளேட் தேர்வில் தேறியவன் இன்னொரு கல்லூரிக்கு வந்தால், முன்பே கற்றதற்கான மதிப்பாக முதல் பாடத்தைத் தேர்வு மூலமே முடித்ததாக வைத்துக்கொள்வது. தேர்வு எல்லோருக்கும் ஒன்று, அளவுகோல் டி1.1. முன் கற்றலுக்கு யூனிட் கொடுக்கும் விதி ஏற்கெனவே இருந்தது; நாங்கள் யாரும் வெல்டிங்குக்கு அதை எடுத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் வழக்கம்போல் ஆறு பாடத்திட்டக் குழு, ஆறு கூட்டத் தேதி, ஆறு படிவம். பதினாலு மாதத்தில் ஐந்து கல்லூரி கையெழுத்துப் போட்டுவிட்டது. ஆறாவதில் பரிசீலனையில் இருக்கிறது. அது எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள்.

மின்னஞ்சல் எழுதிய பையனுக்கு இது உதவவில்லை. அவன் அந்தப் பாடத்தை மறுபடி படித்து, சான்றிதழும் வாங்கி, ஒரு பழைய பிக்கப் வண்டியில் வெல்டிங் மெஷினை ஏற்றிக்கொண்டு சொந்தமாக வேலை பார்க்கிறான். பண்ணை கேட், டிரெய்லர், வேலி. எங்கள் சம்பள விவரம் வருவது முதலாளிகள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வேலையில்லாக் காப்பீட்டுக்குத் தாக்கல் செய்கிற கணக்கிலிருந்து. சொந்தத் தொழில் செய்கிறவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். ஆகவே எங்கள் கணக்கில் அவன் 0956.50 முடித்தவன், வருமானம் காலியிடம். 51-4121 அவனுக்கு விழவே இல்லை. கல்லூரியின் தேர்ச்சிக் கணக்கிலும் அது ஒரு குறையாகத்தான் நிற்கும். படித்தவர்களுக்கு அனுப்பும் சர்வேயை நிரப்பச் சொல்லி நானே அவனுக்கு எழுதினேன். நிரப்பவில்லை. போன வாரம் தான் செய்த ஒரு கேட்டின் படத்தை அனுப்பியிருந்தான், பெரிதாக்கி வெல்டைப் பார்த்தேன், வரிசை சீராக இருந்தது.

அடுத்த மாதம் ஆட்டோமோட்டிவ் ஆசிரியர்கள் கூட்டம். எக்செல் தாள் எதுவும் தயார் செய்யவில்லை. ஸ்டார்ட் ஆகாத ஒரு கார் கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.