ஆறுமணிக்குருவி: ஆறு நாள் குறிப்பு

அக்டோபர் 8, காலை 5.50

திருவான்மியூர் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில், மாடிப்படிக் கண்ணாடியின் கீழே ஆறுமணிக்குருவி விழுந்து கிடந்தது. பச்சை முதுகு, கண்ணை மறைக்கும் கரும்பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. இமயமலை அடிவாரத்திலிருந்தும் நடு இந்தியாவிலிருந்தும் தெற்கே வலசை வருகிற பறவை இது. வலசையின்போது இரவில்தான் பறக்கும். விடிய விடிய எரிந்த படிக்கட்டு விளக்கும், கண்ணாடியில் தெரிந்த வேப்பமரத்தின் நிழலுருவும் சேர்ந்து ஏமாற்றியிருக்கின்றன.

மதில்மேல் அதற்குள் மூன்று காகங்கள். விடியும் நேரத்தில் கீழே விழுந்த பறவைக்கு முதல் ஆபத்து அவைதான். எனவே படம் எடுத்துக்கொண்டு நிற்காமல், மெல்லிய துணியை மேலே போட்டு இரு கைகளாலும் அள்ள வேண்டும். மார்பை இறுக்கக் கூடாது. பறவைக்கு உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு அசைந்தால்தான் மூச்சு. கையை மூடினால் மூச்சும் நிற்கும்.

"வாயில கொஞ்சம் தண்ணி ஊத்தட்டுமா சார்?" என்றார் வாட்ச்மேன். வேண்டாம் அண்ணே. நாக்கின் அடியிலேயே மூச்சுக்குழாயின் வாய் திறந்திருக்கிறது. அரை மயக்கத்தில் இருக்கும் பறவைக்கு ஊற்றுகிற நீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். பால், சோறு, பிஸ்கட் எதுவும் வேண்டாம். மஞ்சளும் எண்ணெயும் அறவே ஆகாது. எண்ணெய் பட்ட இறகு காற்றையும் பிடிக்காது, மழையையும் தாங்காது.

செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி போதும். பறவையை வைக்கும் முன்பே பக்கச் சுவர்களில் பென்சில் பருமனில் பத்துப் பன்னிரண்டு துளைகள், உள்ளிருந்து வெளியே குத்த வேண்டும். அப்போதுதான் கூர்முனை உள்ளே நீட்டாது. அடியில் பழைய பருத்திச் சட்டை. டர்க்கி துண்டு வேண்டாம், அதன் நூல் வளையங்களில் நகம் மாட்டும். செய்தித்தாள் வழுக்கும், கால் விரிந்துவிடும். இன்னொரு துணியைச் சும்மாடுபோல் சுருட்டி நடுவே வைத்தால் சாயாமல் உட்கார்ந்துகொள்ளும்.

காலை 8.30

இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இருட்டில் வைத்தாயிற்று. இடையில் திறந்து பார்க்கவில்லை. மோதிய பறவை பத்து நிமிடத்தில் தெளிந்ததுபோல் பறந்துவிடுவதுண்டு. தலைக்குள் வீக்கம் பிறகுதான் ஏறும். எங்கோ கிளையில் இறந்து கிடக்கும். ஆகவே குறைந்தது இரண்டு மணி நேரம்.

கண்மணிகள் இரண்டும் ஒரே அளவு. தலை சாயவில்லை. அலகோரம் துளி இரத்தம். இடது சிறகு சற்றுத் தொங்குகிறது. விட முடியாது. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972 இருக்கிறது, காட்டுப் பறவையை வீட்டில் வைத்துக்கொள்ள யாருக்கும் உரிமையில்லை. வனத்துறைக்குச் சொல்லிவிட்டு மீட்பகத்துக்குக் கிளம்பினோம். ஆட்டோவில் பெட்டியைத் தரையில் வைத்தால் அதிர்வு நேராக ஏறும், மடியில்தான் வைக்க வேண்டும். பாட்டை நிறுத்தச் சொன்னதும் ஓட்டுநர் நிறுத்திவிட்டார்.

அக்டோபர் 9

மீட்பகத்தில் பார்த்ததில் எலும்பு முறிவு இல்லை. தோளில் கன்றிய வீக்கம். வீக்கத்துக்கு மருத்துவர் எடை பார்த்துச் சொட்டுக் கணக்கில் மருந்து கொடுத்தார். வீட்டு மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கும் வேலையே கூடாது. கால்நடைக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளைக் கொன்றது என்று தெரிந்துதான் 2006இல் அதைக் கால்நடை மருத்துவத்தில் தடை செய்தார்கள்.

துணிப்பையில் இட்டுச் சமையல் தராசில் நிறுத்து, பையின் எடையைக் கழித்தால் 51 கிராம். மார்பைத் தடவினால் நடு எலும்பு கத்தி விளிம்புபோல் தட்டுகிறது. நெடுந்தூரம் பறந்து கொழுப்பைக் கரைத்த உடம்பு. எச்சம் பளீர்ப் பச்சை. பட்டினியின் நிறம் அது.

எவர்சில்வர் கிண்ணத்தில் மாவுப்புழு வைத்தோம். தொடவில்லை.

அக்டோபர் 10

48 கிராம். நேற்று செய்தது தப்பு. காட்டில் இது சருகைப் புரட்டி இரை தேடும் பறவை. கிண்ணம் அதற்கு உணவே இல்லை. கம்பிக் கூண்டில் இறகு உடையும் என்பதால் கொசுவலைக் கூண்டுக்கு மாற்றி, அகலத் தட்டில் ஒரு சாண் உயரத்துக்குச் சருகு பரப்பினோம். அதன் அடியில் பூச்சிமருந்து படாத தொட்டி மண்ணிலிருந்து எடுத்த எட்டு மண்புழுக்கள், கொளத்தூரில் வாங்கிய மாவுப்புழு பத்து. அதிலும் தோலுரித்து வெள்ளையாக இருப்பவை மட்டும். பழுப்புத் தோல் எளிதில் செரிக்காது. கூண்டைச் சுற்றித் துணி, ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம். அறையை விட்டு எல்லோரும் வெளியேறினோம்.

மாலை பார்த்தபோது சருகெல்லாம் புரண்டு கிடந்தது. மண்புழு ஒன்றுகூட மிச்சமில்லை.

அக்டோபர் 11

50 கிராம். பார்க்க வந்த பெண்மணி, "எவ்ளோ சாதுவா இருக்கு, நம்மள நம்பிடுச்சு" என்றார். அவர் அன்பில் குறையில்லை. ஆனால் கையில் அசையாமல் இருப்பது நம்பிக்கை அல்ல. பிடிபட்ட இரை அப்படித்தான் உறைந்து போகும். அதன் கண்ணுக்கு நாம் பூனைக்கும் வல்லூறுக்கும் உறவு. எட்டு மணி நேரம் நாம் பக்கத்தில் இல்லாததுதான் நேற்று அதற்கு நாம் செய்த பெரிய உதவி. இதை ஏற்றுக்கொள்வது எளிதல்ல. கொஞ்ச வேண்டும் என்று கை துடிக்கிறது. அந்தக் கையை இழுத்துக்கொள்வதும் அன்புதான் என்று இந்தச் சருகுத் தட்டைப் பார்க்கையில் தோன்றுகிறது.

அக்டோபர் 12

54 கிராம். எச்சத்தில் கருப்பும் வெள்ளையும் பிரிந்திருக்கின்றன. அறை முழுக்க வலை கட்டி விட்டுப் பார்த்தோம். தரையிலிருந்து ஜன்னல் உயரத்துக்கு நேராக எழும்புகிறது, திரும்பும்போது சாயவில்லை. தோளெலும்பு அடிபட்டிருந்தால் கிடைமட்டமாகப் பறக்கும், மேலே ஏறாது. அதனால்தான் கையிலிருந்து வீசிப் பார்க்கும் வழக்கத்தை நம்பக் கூடாது.

மாலை ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கூண்டிலிருந்து, அதற்குப் பெயர் வாங்கித் தந்த அந்த இரண்டு சீழ்க்கை.

அக்டோபர் 13

வனத்துறை காட்டிய இடம், கிண்டிக் காட்டோரப் புதர். திறந்த வெளி என்றால் காகங்கள் துரத்தும். தாழ்ந்த அடர்த்தியும் கீழே சருகும் வேண்டும். பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்துத் திறந்துவிட்டுப் பதினைந்து அடி விலகினோம். நான்கு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு இரண்டு தத்து, ஒரு சருகைப் புரட்டியது, மூன்றாவது தத்தில் புதருக்குள்.

அக்டோபர் 19

திருவான்மியூர்க் குடியிருப்பில் படிக்கட்டு விளக்கை இரவு பத்துக்கு மேல் அணைக்க ஒத்துக்கொண்டார்கள். கண்ணாடிக்கு ஒரே ஒரு பருந்துப் படம் ஒட்டலாமா என்றார் செயலாளர். பயனில்லை, படத்தைச் சுற்றி மீதிக் கண்ணாடியில் மரம் தெரியத்தானே செய்கிறது. ஐந்து சென்டிமீட்டருக்கு ஒன்றாக நெருக்கமான புள்ளிகள் வேண்டும், அதுவும் வெளிப்பக்கம். நான்காம் மாடிப் பாட்டி அளவுகோல் கேட்கவில்லை. கோலப் புள்ளி வைத்த கை. வெள்ளைப் பெயின்ட்டில் இருபத்தோரு வரிசை வைத்துவிட்டார். மேல் மூன்றடிக்குச் சாரம் கட்ட வேண்டும். ஞாயிறு அன்று ஆள் வருகிறார்.