டிகாஷனில் வரைந்த சேர்வராயன் மலை

மார்கழி பிறந்த வாரம் அம்மாயிதான் ஆரம்பித்து வைத்தது. "முன்னெல்லாம் பொங்கல் வந்தா தபால்காரரு கட்டுக்கட்டா வாழ்த்து அட்டை கொண்டாந்து போடுவாரு. இப்ப எல்லாரும் போன்லயே பானையை அனுப்பிடறாங்க. அதை எங்க கண்ணு மாட்டி வெக்கறது?" சரி, இந்த வருடம் கையால் செய்து தபாலில் போடுவோம் என்று உட்கார்ந்தேன். எனக்கு நிறம் கலக்க வராது. எதை எதோடு சேர்த்தாலும் கடைசியில் சேறுதான். எப்படியும் சேறு நிறம்தான் வரப்போகிறது என்றால் அதிலேயே தொடங்கிவிடலாமே என்று காபி டிகாஷனை எடுத்தேன். நிறம் அது ஒன்றுதான்.

முதல் நாள் செய்த முட்டாள்தனம்: டம்ளரில் மிச்சம் இருந்த காபியையே தொட்டுத் தீட்டினேன். பாலும் சர்க்கரையும் சேர்ந்த காபி. காலையில் பார்த்தால் மலை முழுக்க எறும்பு.

அடுத்து ஃபில்டரில் இறங்கிய முதல் டிகாஷன். டம்ளரில் கன்னங்கரேல் என்று இருப்பது தாளில் தொட்டால் டீ சிந்திய கறை மாதிரிதான் விழுகிறது. 200 மில்லியைச் சிறு தீயில் வைத்து 50 மில்லிக்குச் சுண்டக் காய்ச்சியபோதுதான் 'இது பழுப்பு' என்று சொல்லும்படி வந்தது. ஏற்காட்டிலிருந்து வாங்கி வந்திருந்த சிக்கரி கலக்காத தூளைவிட, வீட்டுக்கு வழக்கமாக வாங்கும் சிக்கரித் தூள் அடர்த்தியாக நின்றது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன், ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலைக்குக் காபிச் செடியைக் கொண்டுவந்தவர் என்பார்கள். அவர் கொண்டுவந்த காபி குடிக்க நன்றாக இருக்கிறது, வரைய சிக்கரிதான் கை கொடுத்தது. இன்ஸ்டன்ட் தூளைக் குழைத்தால் இன்னும் கறுப்பு கிடைக்கும். ஆனால் கெட்டியாகப் பூசினால் காய்ந்த பிறகும் பிசுபிசுக்கிறது. இரண்டு அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் போயின.

ஐந்து பாட்டில் மூடிகளில் ஐந்து அடர்த்தி ஊற்றி வைத்தேன். ஈரத்தில் ஐந்தும் வேறு வேறாகத் தெரிந்தன. காய்ந்ததும் எல்லாமே ஒரு படி வெளுத்து, நடுவில் இருந்த மூன்றும் ஒரே ஆளாகிவிட்டன. போட்டோ எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால் சந்தேகமே இல்லை. பல நிறம் இருந்தால் பச்சைக்குப் பக்கத்தில் சிவப்பை வைத்து ஒப்பேற்றலாம். ஒரே நிறத்தில் அந்தச் சால்ஜாப்பு இல்லை, இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நல்ல இடைவெளி வேண்டும். ஐந்தை மூன்றாக்கினேன். நாலாவது நிறம் தாளின் வெள்ளை. அதைத் தொடாமல் விடுவதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது, கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

என்ன வரைவது என்பதற்கு மட்டும் யோசிக்கவே இல்லை. சேலம் கன்னங்குறிச்சியில் எங்கள் மொட்டை மாடியில் நின்றால் மலை நேர் எதிரே. மார்கழிக் காலையில் பின்னால் இருக்கும் முகடு இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி தெரியும், நடுவில் இருப்பது கொஞ்சம் அழுத்தமாக, அடிவாரத்து மரங்கள் கறுப்பாக. மூன்று மூடிக்கு மூன்று வரிசை.

இங்கேதான் ஒரு தொல்லை வந்தது. பூசிய இடம் காய்ந்ததும் ஓரத்தில் மட்டும் அடர்ந்த கோடு விழுந்தது, மேஜையில் டபரா வைத்த இடத்தில் விழும் வளையம் மாதிரி. துளியின் ஓரம் தாளைப் பிடித்துக்கொண்டு நகராமல் நிற்கிறது. அங்கேதான் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகிறது. அதை ஈடுகட்ட நடுவிலிருந்து தண்ணீர் ஓடி வரும்போது நுண்துகளையும் இழுத்து வந்து ஓரத்தில் சேர்த்துவிடுகிறது. சிகாகோ ஆய்வாளர்கள் 1997ல் 'நேச்சர்' இதழில் இதை விளக்கியிருக்கிறார்கள். நான்கு அட்டைகளை அதோடு மல்லுக்கட்டி வீணாக்கிய பிறகுதான், அந்தக் கோடு இருக்க வேண்டிய இடம் முகடு என்று உறைத்தது. முகட்டை ஒரே இழுப்பில் வரைந்து, அது காய்வதற்குள் கீழ் ஓரத்தை மட்டும் வெறும் தண்ணீர் பிரஷ்ஷால் கரைத்துவிட்டேன். மேலே கூர்மையான கோடு, கீழே பனி. அதற்கு மேல் நான் ஒன்றும் செய்யவில்லை. அடுத்த வரிசையைப் போட முதல் வரிசை முழுக்கக் காய வேண்டும், தேய்க்கவும் கூடாது. காபி மறுபடி கரைந்து கையோடு வந்துவிடும்.

தாள் கதை சின்னது. சார்ட் பேப்பர் ஈரம் பட்டதும் அப்பளமாகச் சுருண்டது. 300 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள வாட்டர்கலர் தாளுக்கு மாறினேன். அதில் ஒரு முழு ஏ4 தாளே கிட்டத்தட்ட 19 கிராம். சாதாரணத் தபாலில் 5 ரூபாய் ஸ்டாம்ப் 20 கிராம் வரைக்கும்தான், உறையைச் சேர்த்தால் தாண்டிவிடும். அதனால் தாளை இரண்டாக வெட்டி, பாதியை மடித்தேன். மடிக்கும் முன் தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு அழுத்தினால் மடிப்பு வெடிக்காது. உறையும் நானே ஒட்டியது, ஜவ்வரிசிக் கஞ்சியில். சேலத்துக்காரன் பசைக்காகக் கடைக்குப் போவானா?

எழுத்தில்தான் சண்டை. 'நல்வாழ்த்துக்கள்' என்று எழுதி முடித்ததைப் பார்த்துத் தமிழாசிரியரான பெரியப்பா, "நடுவுல க் வராது சாமி" என்றார். மூன்று அட்டை போச்சு. கடைசியில் எல்லாவற்றிலும் 'பொங்கலோ பொங்கல்' என்று மட்டும் எழுதினேன். அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

தேறியது 14. அதில் 13 போய்ச் சேர்ந்துவிட்டன. ஆத்தூர் சித்தி போன் செய்து, "காபில வரைஞ்சதுன்னு உங்கம்மா சொன்னா. மோந்து மோந்து பாக்கறேன், வாசமே வரலயே" என்றார்.

பதினாலாவதை அனுப்பவில்லை. காபி நிறம் வெயிலில் வெளுக்கும் என்கிறார்கள், எவ்வளவு நாளில் என்று பார்க்க வேண்டும். பாதி மலையைக் கறுப்புத் தாளால் மூடி, தெற்கு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். பின்பக்கம் தேதி போட்டிருக்கிறது. அம்மாயி தினமும் காலையில் அந்தக் கறுப்புத் தாளைக் கொஞ்சம் தூக்கி எட்டிப் பார்க்கிறது, வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை.