இரண்டு பீப்பாய் தண்ணீர்

கல்லூரியில் கால்பந்து ஆடிய காலத்தில் கோயம்புத்தூருக்கு ஒரு போட்டிக்குப் போனோம். எங்கள் வீடு ஏற்காட்டில். தண்ணி மாறினா தொண்டை கட்டிக்கும் என்று அம்மா ஐந்து லிட்டர் கேனில் வீட்டுத் தண்ணீரைப் பிடித்துக் கையில் கொடுத்துவிட்டது. இருபது கொண்டை ஊசி வளைவிலும் அதை மடியில் வைத்துக்கொண்டு இறங்கி, சேலம் ஜங்ஷனில் மற்ற பசங்களோடு சேர்ந்தால், ஒரே கிண்டல். ரயில் ஈரோடு தாண்டியும் ஓயவில்லை.

போன வாரம் சுவானி அணியைப் பற்றிப் படித்தபோது அந்தக் கேன்தான் ஞாபகம் வந்தது. சுவானி அமெரிக்காவின் டென்னசியில் மலைமேல் இருக்கிற சின்னப் பல்கலைக்கழகம். ஆட்டமும் நம்முடைய ஃபுட்பால் இல்லை, முட்டை மாதிரி இருக்கிற பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு முட்டி மோதுகிற அவர்கள் ஊர் ஆட்டம். 1899 சீசனில் 12 ஆட்டம் ஆடி 12-லும் ஜெயித்திருக்கிறார்கள். எடுத்தது 322 புள்ளி, விட்டுக்கொடுத்தது வெறும் 10, அந்தப் பத்தும் ஆபர்ன் அணி எடுத்தது (அதையும் 11-10 என்று தப்பித்துவிட்டார்கள்).

ஆனால் என்னை அசத்தியது நவம்பரில் அவர்கள் போன ரயில் பயணம்தான். வாண்டர்பில்ட் அணியோடு டிக்கெட் வசூலைப் பங்கு போடுவதில் தகராறு, அந்த ஆட்டம் நின்றுபோனது, பணம் வேண்டும். மேனேஜர் லூக் லீ, அவரும் மாணவர்தான், ஆறு நாளில் ஐந்து வெளியூர் ஆட்டங்களை ஏற்பாடு செய்துவிட்டார். 9-ஆம் தேதி டெக்சஸ், மறுநாள் டெக்சஸ் ஏ அண்ட் எம், அதற்கு மறுநாள் டுலேன், ஞாயிறு ஓய்வு, திங்கள் எல்.எஸ்.யு. (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்), செவ்வாய் மிசிசிப்பி. மொத்தப் பயணம் சுமார் 4,000 கிலோமீட்டர், அதாவது சேலத்திலிருந்து சென்னைக்கு ஆறு தடவை போய் வருகிற தூரம். ராத்திரி ரயிலில் தூக்கம், பகலில் ஆட்டம். தாக்குவதும் தடுப்பதும் அதே பதினொரு பேர்தான், இன்றைக்கு மாதிரி தனித்தனி ஆட்கள் கிடையாது. ஐந்து அணியில் ஒன்றுகூட இவர்கள்மேல் ஒரு புள்ளி எடுக்கவில்லை! எனக்கெல்லாம் ஒரு ஆட்டம் ஆடினாலே மூன்று நாளைக்கு மாடிப்படி இறங்க முடியாது.

புறப்படும்போது ஷூ மூட்டையைப் பிளாட்பாரத்திலேயே விட்டுவிட்டுப் போனதாகவும், தந்தி அடித்துப் பின்னால் வரவழைத்ததாகவும் ஒரு கதை சொல்கிறார்கள். ஷூ மறந்தாலும் தண்ணீரை மறக்கவில்லை பாருங்கள், இரண்டு பீப்பாய் நிறைய மலை ஊற்றுத் தண்ணீரை ரயிலில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். மலைக்காரன் எங்கே போனாலும் மலைக்காரன்தான்.

அப்புறம் அந்த அணி 1932-இல் பெரிய லீக் ஒன்றில் சேர்ந்து, லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் 1940-இல் வெளியேறியது. அது வேறு கதை.

கோயம்புத்தூரில் என்ன ஆச்சு என்று கேட்கிறீர்களா? இடைவேளைக்குள் அங்கே குழாயில் தண்ணீர் நின்றுபோச்சு. கிண்டல் செய்த அதே பயல்கள் என் கேனைச் சுற்றி உட்கார்ந்து, ஒரே மூச்சில் காலி செய்துவிட்டார்கள். எனக்கு ஒரு வாய்கூட மிஞ்சவில்லை. நான்கு கோலில் தோற்றோம்.